கை மாறி வந்த ஏர் பிஸ்டலும் முரண்டு பிடிக்கும் டிரிகரும்: கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழையதாக வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல்களின் டிரிகர் பற்றியவை. டிரிகர் கோளாறு என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் தேய்மானமே இருக்காது. முந்தைய கை திருகிவிட்ட ஸ்க்ரூவாக இருக்கும், இல்லாவிட்டால் காய்ந்துபோன எண்ணெயாக இருக்கும். எதைத் தொடுவதற்கு முன்னும் குழலில் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றுங்கள். உள்ளே தங்கிய காற்றைப் பாதுகாப்பான திசையில் ஒரு ஷாட் விட்டுக் காலி செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, பழைய ஸ்டெயர் எல்பி10 ஒன்று வாங்கினேன். விற்றவர் டிரிகரை இழுக்கும் எடை 510 கிராம் என்று அளந்து காட்டினார். போட்டியில் சோதனை மேசையில் எடையைத் தூக்கியதும் ஷாட் போய்விட்டது. ஏமாற்றிவிட்டாரா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டும் என்று இல்லை, தம்பி. எந்த இடத்தில் அளந்தார் என்பதுதான் விஷயம். டிரிகர் மேலே ஒரு ஊசியில் தொங்கும் நெம்புகோல். ஊசிக்குப் பக்கத்தில் அளந்தால் எடை அதிகமாகக் காட்டும், கீழ்நுனியில் குறைவாகக் காட்டும். போட்டியில் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, டிரிகரின் நடுப்பகுதியில் 500 கிராமை மாட்டித் தரையிலிருந்து தூக்குவார்கள். அதைத் தாங்க வேண்டும். மூன்று வாய்ப்பு உண்டு.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கம்பிக் கொக்கி கட்டி, சமையலறைத் தராசில் கொக்கியோடு சேர்த்து 500 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிஸ்டலை டிரை ஃபயரில் (பெல்லட்டும் காற்றும் இல்லாமல் டிரிகரை மட்டும் இயக்கும் நிலை) வைத்து, கொக்கியை நடுவில் மாட்டி, ஆட்டாமல் தூக்குங்கள். தாங்கினால் இன்னும் ஒரு ஸ்பூன், இன்னும் ஒரு ஸ்பூன் என்று ஊற்றிக்கொண்டே போனால் எந்த எடையில் ஷாட் போகிறது என்று தெரிந்துவிடும். 515, 520 வரை கொண்டுபோய் வையுங்கள். 501இல் நிறுத்தி வீரம் காட்ட வேண்டாம்.

டிரிகர் இழுப்பில் இரண்டு கட்டம் உண்டு: முதலில் இலகுவாக நகர்வது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், முட்டி நின்ற பிறகு இன்னும் அழுத்தி ஷாட் விடுவது செகண்ட் ஸ்டேஜ். கூட்ட வேண்டிய எடையை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் கூட்டுங்கள். செகண்ட் ஸ்டேஜைத் தொட்டால் கை பழகிய உணர்வே மாறிவிடும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் 400ஐ ஒட்டி, மீதி செகண்ட் ஸ்டேஜில் என்பது பலருக்கு ஒத்துவரும்.

கேள்வி: செகண்ட் ஸ்டேஜ் என்று ஒன்றே தெரியவில்லை. இழுக்க இழுக்க மணலில் இழுப்பதுபோல நகர்ந்துகொண்டே இருக்கிறது, எப்போது ஷாட் போகும் என்று சொல்லவே முடியவில்லை. உள்ளூர் லேத் பட்டறைக்காரர் சியரைத் தீட்டித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? (மதுரை)

பதில்: கொடுக்காதீர்கள். சியர் என்பது, காற்று வால்வை அடித்துத் திறக்கும் ஹேமரைப் பிடித்துவைத்திருக்கும் கொக்கி. அதன் விளிம்பில் கடினப்படுத்திய படலம் பெரும்பாலும் மெல்லியதுதான். பட்டறைக் கல்லில் தேய்த்தால் அந்தப் படலம் போகும், கோணமும் மாறும். முதல் வாரம் வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்புறம் கொக்கி நிற்காது.

முதலில் ஸ்க்ரூக்களுக்கு வாருங்கள். ஒவ்வொன்றும் இப்போது எங்கே நிற்கிறது என்பதை எழுதி வையுங்கள்: உள்ளே மெல்லத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி, திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இறுக்கி முட்ட விடக் கூடாது. குறித்துக்கொண்ட பிறகு, அந்த மாடலின் கையேட்டில் சொன்ன ஃபேக்டரி நிலைக்கு எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பல பிஸ்டல்கள் இந்த இடத்திலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? க்ரிப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சியரும் டிரிகர் ஊசியும் சேரும் இடத்தில் தேன் நிறத்தில் ஒரு பிசுக்கு உட்கார்ந்திருக்கும், அதில் சட்டைப் பஞ்சு ஒட்டியிருக்கும். மணல் மாதிரி உணர்வதற்கு அதுதான் காரணம். சின்னப் பிரஷ்ஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஊசிமுனையில் எடுத்த மெல்லிய எண்ணெயை அச்சுகளில் மட்டும் வையுங்கள். அவ்வளவு போதும்.

அதன்பிறகும் நகர்வு இருந்தால்தான் சியர் எவ்வளவு ஆழமாகக் கொக்கி போடுகிறது என்பதைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூ. கால் சுற்று திருகி, சோதித்து, மறுபடி கால் சுற்று. ஒரே நேரத்தில் இரண்டு ஸ்க்ரூவைத் திருகினால் எது என்ன செய்தது என்று கடவுளுக்கும் தெரியாது. எதற்கும் அசையவில்லை என்றால் லென்ஸில் சியர் விளிம்பைப் பாருங்கள். பொடிப்பொடியாகச் சிதைந்திருந்தால் பாகத்தையே மாற்றுங்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னதுபோலத் திருகித் திருகி அருமையான டிரிகர் கிடைத்தது. ஆனால் சில சமயம் லோட் செய்து மூடும்போதே ஷாட் போய்விடுகிறது. (சேலம்)

பதில்: அப்படித் திருக நான் சொல்லவில்லை! கொக்கி ஆழம் தேவைக்குக் கீழே போய்விட்டது. இனி ஒரு பெல்லட்கூட போடாதீர்கள், ரேஞ்சுக்கும் கொண்டுபோகாதீர்கள். ஃபேக்டரி நிலைக்குத் திரும்புங்கள். அதற்குப் பிறகும் நழுவினால் சியர் தேய்ந்திருக்கிறது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பிஸ்டலின் ஆற்றல் சுமார் 6 ஜூல்தான். பக்கத்து லேனில் நிற்பவரின் கண்ணுக்கு அதுவே அதிகம்.

கேள்வி: டிரிகர் சுத்தமாக விடுகிறது, ஆனால் பத்தில் ஒரு ஷாட் அடியில் விழுகிறது. காற்று அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. (ஓசூர்)

பதில்: டிரிகர் ஸ்டாப் ஸ்க்ரூவைப் பாருங்கள். ஷாட் போன பிறகு டிரிகர் பின்னால் ஓடாமல் இருக்க வைத்தது அது. அதை அதிகம் உள்ளே திருகினால் சியர் முழுதாக விலகாது. ஹேமர் அதை உரசிக்கொண்டே போகும், வால்வில் அடி பலமாக விழாது, பெல்லட் வேகம் குறையும். அரைச் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டிரிகருக்குள் டபிள்யூடி-40 அடிக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: வேண்டாம். முதலில் வழுக்கும், நாளடைவில் பிசுக்காகும். மேலே சொன்ன தேன் நிறப் பிசுக்கில் பாதி இப்படி வந்ததுதான்.

கேள்வி: மகளுக்குப் பழைய மோரினி எலக்ட்ரானிக் டிரிகர் பிஸ்டல் வாங்கிக் கொடுத்தேன். சில நேரம் டிரிகர் இழுத்தால் ஒன்றுமே நடப்பதில்லை. பேட்டரி புதிது. (ஒரு அப்பா, சென்னை)

பதில்: சார், எலக்ட்ரானிக்கில் விரல் செய்வது ஒரு சுற்றைத் தூண்டுவது மட்டும்தான். மீதியை மின்சாரம் பார்த்துக்கொள்ளும். அதனால் பேட்டரிக்கு அடுத்து பார்க்க வேண்டியது, பேட்டரி உட்காரும் தகடுகள். சென்னை உப்புக் காற்றில் அங்கே பச்சை பூக்கும். ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், தகடு தளர்ந்திருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். பத்து நாளுக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். சர்க்யூட் போர்டைப் பிரிக்க வேண்டாம், அது சர்வீஸ்காரர் வேலை.

பழைய பிஸ்டல் என்பதால்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021இல் மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் கோளாறாகி, நிமிடக்கணக்கில் நேரம் போய், 575 புள்ளிகளோடு 12ஆம் இடத்தில் வெளியேறினார். 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றதும் அவர்தான்.

கேள்வி: மாமாவின் லைசென்ஸ் ரிவால்வர் டிரிகர் ரொம்ப இறுகிவிட்டது. அதற்கும் இதே வழியா? (திருச்சி)

பதில்: இல்லை. அது தோட்டா ஆயுதம். பழுது பார்ப்பவருக்கே 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மாமாவே லைசென்ஸோடு உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோகட்டும். நீங்கள் திறக்காதீர்கள்.

கேள்வி: இன்னும் வாங்கவில்லை. பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போகட்டும்? (ஈரோடு)

பதில்: பாட்டில், கொக்கி, டார்ச். டிரிகரை இருபது முறை டிரை ஃபயர் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடுகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ தலைகள் வாய் பிளந்திருந்தால் பலர் கை வைத்த பிஸ்டல், விலையைக் குறைத்துப் பேசுங்கள். சிலிண்டரில் பொறித்த தேதியையும் படியுங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் புது சிலிண்டர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கையேடு இருந்தால் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சரி செய்த ஸ்க்ரூ மறுபடி நகராமல் இருக்க ஃபெவிக்விக் வைக்கலாமா? (தூத்துக்குடி)

பதில்: ஐயோ, அடுத்தமுறை ட்ரில் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூ தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழுங்கள். அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.