கொண்டைக்கு மேல் ஏறாத வளையம்
ஊசியும் நூலும்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அக்கா, காலையில் பள்ளிக்கு வேன் ஏறும்போது காதில் குளிர் அறைகிறது. மஃப்ளர் நழுவி விழுகிறது. மங்கி குல்லா போட்டால் தலை கலைகிறது. தலைக்கும் கழுத்துக்கும் ஒன்றாகப் போடும்படி, பார்க்கவும் அழகாக, லேஸில் ஏதாவது பின்ன முடியுமா? – ஆசிரியை, குன்னூர்

பதில்: முடியும் தங்கச்சி. நான் கோத்தகிரிக்காரி. ஜனவரிக் காலையில் பால் வாங்கப் போகும்போது போட்டுக்கொள்வதையே சொல்கிறேன். இரண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய், அவ்வளவுதான். தலை வழியாக மாட்டிக் கழுத்தில் விட்டால் மடிப்பு மடிப்பாக நிற்கும். பின்பாதியை மட்டும் இழுத்துத் தலைமேல் போட்டால் முக்காடு. வகுப்புக்குள் போனதும் பின்னால் தள்ளிவிடலாம். தையல் கிடையாது, பட்டன் கிடையாது.

மெல்லிய கம்பளி நூல், 100 கிராமில் 400 மீட்டர் வருவது, ஒரு சிட்டம் போதும். 60 செ.மீ. நீளமுள்ள 4 மி.மீ. வட்ட ஊசி. கண்ணி ஏற்றவும் முடிக்கவும் மட்டும் 5 மி.மீ. ஊசி. 144 கண்ணி ஏற்றி, முறுக்கு விழாமல் பார்த்து வட்டமாகச் சேருங்கள். முறுக்கு விழுந்தால் கடைசிவரை போகாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். 18 கண்ணிக்கு ஒன்றாக வேறு நிற நூலை முடிந்து தொங்கவிட்டால் எட்டுப் பங்கு கிடைக்கும். தப்பு நடந்தால் எந்தப் பங்கில் என்று உடனே தெரியும்.

முதலில் ஒரு சுற்று நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் பின்னும் நேர்க்கண்ணி), ஒரு சுற்று பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னும் எதிர்க்கண்ணி) என்று ஆறு சுற்று. ஓரம் சுருளாது. அப்புறம் நான்கு சுற்றுப் பூ: இரண்டு சுற்று நிட். மூன்றாவது சுற்றில், ஒவ்வொரு 18 கண்ணியிலும், இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை. நூலை ஊசிமேல் ஒரு தரம் போட்டு ஒரு நிட், இப்படி ஆறு முறை. மறுபடி இரண்டிரண்டாக மூன்று முறை. நான்காவது முழுக்கப் பர்ல். ஆறு குறைகிறது, ஆறு கூடுகிறது, 18 அப்படியே நிற்கும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுப் பெண்களின் அலைப் பின்னல் இது. லேஸுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. ஏறக்குறைய 30 தடவை போட்டால் 45 செ.மீ. வரும். மறுபடி ஆறு சுற்று போட்டு முடியுங்கள்.

முடிப்பதில்தான் என் மனசு கிடக்கிறது. அம்மாவுக்கு நான் பின்னிய முதல் வளையத்தை வழக்கம்போல இறுக்கி முடித்துவிட்டேன். கொண்டைக்கு மேல் ஏறவில்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொண்டையை அவிழ்த்து ஜடை பின்னிக்கொண்டு அதை மாட்டிக்கொண்டார். அன்று ராத்திரியே கடைசிச் சுற்றைப் பிரித்தேன். இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி, வந்த ஒன்றை இடது ஊசிக்கே திருப்பி, அடுத்ததோடு மறுபடி சேருங்கள். 5 மி.மீ. ஊசியில் செய்தால் ஓரம் ரப்பர் மாதிரி விரியும். கண்ணி ஏற்றும்போதும் அதே பெரிய ஊசிதான்.

கேள்வி: இங்கே மைனஸ் இருபது வரை போகும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் லேஸ் குளிர் தாங்குமா? – வாசகி, மார்க்கம், கனடா

பதில்: கதகதப்பைக் காப்பது நூல் பிடித்து வைக்கும் காற்று அம்மா. லேஸ் மடிந்து இரண்டு, மூன்று அடுக்காக விழும்போது ஒன்றின் ஓட்டையை இன்னொன்று மூடும். காற்று பலமாக வீசினால் மட்டும் மேலே கோட்டின் தொப்பியை இழுத்துக்கொள்ளுங்கள்.

உங்களைவிடக் கடுங்குளிரில் இருப்பவர்களும் இதைத்தான் போடுகிறார்கள். அலாஸ்காவில் இதற்கு நாச்சாக் என்று பேர். நூல், கஸ்தூரி எருதின் அடிமயிர், கிவியுட் என்பார்கள். அந்த எருது அலாஸ்காவில் வேட்டையில் அற்றே போய்விட்டது. 1930-ல் கிரீன்லாந்திலிருந்து 34 உருப்படி கொண்டுவந்து, பிறகு நுனிவாக் தீவில் விட்டுப் பெருக்கினார்கள். வளர்ப்பு மந்தையில் வசந்த காலத்தில் உதிரும் மயிரைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். வெந்நீரில் போட்டாலும் கம்பளி போலச் சுருங்காது.

1969-ல் அங்கே பின்னும் பெண்களுக்கான ஒரு கூட்டுறவு தொடங்கியது. பேர் ஊமிங்மாக், ‘தாடிக்காரன்’ என்று அர்த்தம், எருதைச் சொல்வது. யூபிக், இனுப்பியாக் என்ற அலாஸ்காப் பழங்குடிப் பெண்கள் தங்கள் ஊரில், தங்கள் வீட்டில் உட்கார்ந்தே பின்னுகிறார்கள். ஊருக்கு ஒரு பின்னல். நுனிவாக்கில் இருக்கும் மெக்கோர்யுக் ஊருக்கு ஈட்டிமுனைக் கோலம். பழைய தந்த ஈட்டிமுனை ஒன்றிலிருந்து எடுத்தது. பின்னலைப் பார்த்தே எந்த ஊர்க் கை என்று சொல்லிவிடலாம். வீட்டைவிட்டு வெளியே போகாமல் சொந்தக் காசு பார்த்த எங்கள் மலைப் பெண்களை நினைத்துக்கொள்வேன். கிவியுட் விலை நமக்கு எட்டாது. மெரினோ ஆட்டுக் கம்பளி போதும்.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்ன அதே அலைப் பின்னல் போட்டேன். ஊறவைத்து, இழுத்து விரித்து ஊசி குத்திக் காயவைத்தும் ஓட்டை திறக்கவில்லை. லேபிளில் ‘வுல்’ என்றுதான் இருந்தது. – வாசகி, கொடைக்கானல்

பதில்: ஒரு துண்டு நூலை இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். முடி பொசுங்கும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டிமணியாக நின்றால் அக்ரிலிக். ஈரத்தில் இழுத்த இழுப்புக்கு நிற்பது கம்பளியின் குணம். அக்ரிலிக் பழையபடி சுருங்கிவிடும். லேஸுக்கு அதை வாங்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சிகிச்சையில் முடி கொட்டிவிட்டது. ஏசி அறையில் தலை குளிர்கிறது என்கிறார். எனக்கு 46 வயது, ஊசி பிடித்ததே இல்லை. நான் பின்னித் தர முடியுமா? – வாசகர், கோவை

பதில்: நீங்களே பின்னுங்கள் தம்பி. லேஸ் வேண்டாம், ஓட்டை வழியாகத் தலை தெரிந்தால் அம்மா சங்கடப்படுவார். கம்பளியும் வேண்டாம், உறுத்தும். மெத்தென்ற பருத்தி நூல், சற்றுக் கனமானது. 40 செ.மீ. நீளமுள்ள 5 மி.மீ. வட்ட ஊசியில் 90 கண்ணி, முழுக்க நிட், 40 செ.மீ. உயரம். முடிக்க நான்கு சுற்று இருக்கும்போது மட்டும், நூலை ஊசிமேல் போட்டு இரண்டைச் சேர்ப்பது என்று ஒரு சுற்று. அந்த ஓட்டைகளில் ஒரு கயிற்றைக் கோத்து இழுத்தால் மேல்புறம் மூடித் தொப்பியாகும். தளர்த்தினால் கழுத்துக்கு வரும். நூல் நுனிகளை வெளிப்பக்கமே செருகுங்கள். உள்ளே ஒரு முடிச்சுகூட வேண்டாம். அந்தத் தலைத்தோல் தாங்காது. நிறத்தை அம்மாவிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள்.