சிகிச்சைக்குப் பிறகும் தணியாத பதற்றம்: கேள்வி பதில்

சிகிச்சை எடுத்தும் பதற்றம் குறையவில்லை என்று எழுதியவர்களின் கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டேன். ஒன்றையே பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓராண்டுக்கும் மேலாக வாரந்தோறும் உளவியல் ஆலோசகரிடம் சென்றேன். இளமைக்காலம், பெற்றோர், வேலை என எல்லாவற்றையும் பேசிவிட்டேன். பேசும்போது ஆறுதலாக இருக்கிறது. மறுநாள் பழைய நிலைதான். எனக்குச் சிகிச்சையே பலிக்காது என்று முடிவு செய்துவிடலாமா?

பதில்: அந்த முடிவுக்கு வருமுன், அந்த ஓராண்டில் உண்மையில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆறுதலாகப் பேசுவது வேறு, பதற்றத்துக்கான சிகிச்சை வேறு. இரண்டும் ஒரே அறையில் நடப்பதால் நாம் குழம்பிவிடுகிறோம். பதற்றக் கோளாறுகளுக்கு மிகுதியாக ஆராயப்பட்ட முறையான சிபிடி, அதாவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகளில் முடியக்கூடியது. அதில் வீட்டுப்பாடம் உண்டு. நீங்கள் தவிர்த்துவந்தவற்றைப் படிப்படியாக நேரில் எதிர்கொள்ளும் பயிற்சியும் உண்டு. லிஃப்டுக்கு அஞ்சும் ஒருவர் லிஃப்டைப் பற்றி ஐம்பது மணி நேரம் பேசினாலும், ஒருமுறையாவது அதில் ஏறி, படபடப்போடு நின்று, நினைத்தபடி ஒன்றும் நேரவில்லை என்று கண்டால்தான் மூளை புதிய பாடத்தைக் கற்கும். என் அனுபவத்தில், 'பலன் இல்லை' என்று வருபவர்களில் பலர் இந்தப் பயிற்சியைத் தொடங்கியதே இல்லை. ஆகவே உங்கள் ஆலோசகரிடம் நேராகவே கேளுங்கள்: நாம் செய்வது எந்த முறை, எதிர்கொள்ளும் பயிற்சி எப்போது, முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளக்கிறோம்? நல்ல ஆலோசகர் இதற்கு மனம் கோணமாட்டார்.

கேள்வி: நான் சிபிடியை முறையாக முடித்தவள். 'இந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன' என்று கேட்டுக் கேட்டு, இப்போது அதுவே தலைக்குள் ஓயாத வழக்காடுமன்றமாகிவிட்டது. இனி என்ன வழி?

பதில்: சிபிடியை ஒழுங்காகச் செய்தும் போதிய பலன் காணாதோர் கணிசமாக உள்ளனர், அதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, கவலையோடு வாதாடுவதும் கவலைப்படுவதன் மற்றொரு வடிவமாகிவிடக்கூடும். இதைக் கருதியே வேறு சில முறைகள் உருவாயின. 1980களில் உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் வளர்த்தெடுத்த ஏற்பு சார்ந்த சிகிச்சை, எண்ணத்தைப் பொய்யென நிரூபிக்க முயல்வதில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும் என விட்டு, உங்களுக்கு முக்கியமான செயலைச் செய்யச் சொல்கிறது. மற்றோர் உளவியலாளரான அட்ரியன் வெல்ஸின் முறையோ, கவலையின் பொருளை விட்டுவிட்டு, 'கவலைப்பட்டால்தான் பாதுகாப்பு', 'கவலையை என்னால் நிறுத்தவே முடியாது' என்ற நம்பிக்கைகளைக் கையில் எடுக்கிறது. அதில் ஓர் எளிய பயிற்சி: கவலை எழும்போது அதை விரட்டாமல், மாலையில் ஒதுக்கிவைத்த 15 நிமிடத்துக்குத் தள்ளிவையுங்கள். அந்நேரம் வரும்போது பெரும்பாலானவை தேவையற்றுப் போயிருப்பதைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, நோய்க்கணிப்பையே மறுபடி பார்க்க வேண்டும். ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்களும் அவற்றைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் சடங்குகளுமான கோளாறு, சில வேளைகளில் வெளிப்படையான கைகழுவுதலோ சரிபார்த்தலோ இல்லாமல், உள்ளுக்குள்ளேயே உறுதி தேடும் சுழலாக நடக்கும். அந்நிலையில் 'ஆதாரம் என்ன' என்ற கேள்வியே ஒரு சடங்காகி நோயை வளர்க்கும். அதற்கு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகும் தனிச் சிகிச்சை உண்டு.

கேள்வி: மூச்சுப்பயிற்சி, தியானம் இரண்டிலுமே எனக்குப் படபடப்பு கூடுகிறது. எல்லோருக்கும் அமைதி தருவது எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு மட்டும் அல்ல. உடலின் ஒவ்வோர் அசைவையும் உற்றுக் கவனித்து அஞ்சிப் பழகியவருக்கு, கண்ணை மூடி மூச்சைக் கவனி என்பது, அச்சத்தையே கவனி என்பதாகிவிடுகிறது. தியானம் பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. 2022-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பதற்றக் கோளாறுள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வார விழிப்புணர்வுத் தியானமும் (மைண்ட்ஃபுல்னெஸ்) மற்றவர்களுக்கு பதற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் தரப்பட்டன; தியானம் மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் பீதித் தாக்குதல் உள்ளவர்களுக்கு எதிர்த்திசைப் பயிற்சியே பெரும்பாலும் உதவுகிறது. இதயம், ஆஸ்துமா போன்ற சிக்கல் இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்தபின், நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடியோ நாற்காலியில் சுழன்றோ அந்தப் படபடப்பையும் தலைசுற்றலையும் வேண்டுமென்றே வரவழைத்து, அவை தாமாகவே அடங்குவதைக் காண்பதுதான் அப்பயிற்சி. சிகிச்சையாளர் உடனிருந்து தொடங்குவது நல்லது.

கேள்வி: ரத்தப் பரிசோதனை ஏதேனும் தேவையா?

பதில்: தேவை. மிகைத் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் ஆகியவை பதற்றம் போலவே தோன்றக்கூடும். காபியையும் கணக்கில் எடுங்கள்; காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும்.

கேள்வி: மனநல மருத்துவர் தந்த மாத்திரையைப் பத்து நாள் எடுத்தேன். பதற்றம் கூடியதால் விட்டுவிட்டேன். அவசரத்துக்கு அல்பிரசோலம் மட்டும் போதாதா? அஸ்வகந்தா?

பதில்: பதற்றத்துக்கு வழக்கமாகத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் (எஸ்சிட்டலோபிராம் போன்றவை) முதல் ஓரிரு வாரங்களில் பதற்றத்தைச் சற்றுக் கூட்டுவதுண்டு, பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். எனவே உங்களுடையது தோல்வியடைந்த சோதனை அல்ல, பாதியில் நின்ற சோதனை. குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். அல்பிரசோலம் என்ற அமைதியூட்டும் மாத்திரை விரைவாக வேலை செய்யும். அதனாலேயே உடல் அதற்குப் பழகிவிடும், எதிர்கொள்ளும் பயிற்சியின் பாடத்தையும் அது மழுங்கடிக்கலாம். தொடர்ந்து எடுத்துவந்தவர்கள் திடீரென நிறுத்தவே கூடாது, வலிப்பு வரக்கூடும். அஸ்வகந்தாவால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்பட்டதுண்டு, தைராய்டு அளவும் மாறலாம். இயற்கையானது என்பதால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

கேள்வி: எதுவும் உதவாது என்று தோன்றும் இரவுகளில், இருந்துதான் என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது. இதையும் சொல்ல வேண்டுமா?

பதில்: இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அடுத்த அமர்வு வரை காத்திராமல் இன்றே, நீங்கள் நம்பும் ஒருவரிடமும் உங்கள் மருத்துவரிடமும். அந்த எண்ணம் ஒரு திட்டமாக உருப்பெறத் தொடங்கினால் தனியாக இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். மாத்திரைகளை வீட்டில் வேறொருவரின் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள்.