கட்டணமில்லாத கார்டு: பாயிண்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் சில மாதம் 5-ஆம் தேதி வரும், சில மாதம் 12 ஆகிவிடும். ஐந்து ரோடு பக்கம் மேஜை போட்டு, வருஷக் கட்டணமே இல்லாத கிரெடிட் கார்டு என்று விண்ணப்பம் வாங்குகிறார்கள். 100 ரூபாய்க்கு 1 பாயிண்ட், ஆன்லைனில் 5 பாயிண்டாம். எங்கள் மாதச் செலவு: வாடகை 6,000, லீ பஜார் மளிகை 5,000, பெட்ரோல் 2,000, கரண்ட்டும் போனும் 1,500, ஆன்லைன் 1,500. வாங்கலாமா?
- ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: செலவைப் பிரித்து எழுதியது நல்லதாகப் போயிற்று சகோதரி. அதை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம்.

ஒரு பாயிண்டுக்கு எத்தனை பைசா என்று அந்த மேஜையில் கேட்டீர்களா? பல சாதாரண கார்டுகளில் 20 முதல் 25 பைசாதான். 25 என்றே வைத்துக்கொள்வோம். வாடகைக்குப் பெரும்பாலும் பாயிண்ட் கிடையாது; மேலே 1 சதவீதம் கட்டணமும் போடுவார்கள். பெட்ரோலுக்கு சர்சார்ஜ், அதாவது கார்டில் போட்டால் கூடுதலாகப் பிடிக்கும் கட்டணம், தள்ளுபடியாவதோடு சரி. மிச்சமிருப்பது மளிகை 50 பாயிண்ட், ஆன்லைன் 75, கரண்ட்டுக்கும் போனுக்கும் கொடுத்தால் 15. மொத்தம் 140 பாயிண்ட், அதாவது மாதம் 35 ரூபாய், வருஷத்துக்கு 420. அந்தப் பாயிண்டை எடுக்கப் பல வங்கிகள் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. கையில் நிற்பது சுமார் 300.

மளிகைக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. லீ பஜாரில் நீங்கள் வாங்கும் கடையில் கார்டு மெஷின் இல்லையென்றால், நம் நாட்டு கார்டு அமைப்பான ரூபேயின் கிரெடிட் கார்டாக இருந்தால்தான் யுபிஐ-யில் இணைத்து ஸ்கேன் செய்ய முடியும். அப்போதும் கடைக்காரரின் க்யூஆர் வியாபாரக் கணக்காக இருக்க வேண்டும்; அவருடைய சொந்தக் கணக்குக்கு கிரெடிட் கார்டிலிருந்து பணம் போகாது. முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது, சம்பளம் 12-ஆம் தேதி வரும் ஒரு மாதத்தைப் பாருங்கள். மளிகை, ஆன்லைன், கரண்ட், போன் சேர்த்து பில் 8,000. கட்டக் கடைசித் தேதி 8. கையில் பணமில்லை, மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 400 மட்டும் கட்டுகிறீர்கள். மீதி 7,600-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி 266 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 48. ஆக 314. வருஷம் முழுக்கச் சேர்த்த பாயிண்ட் ஒரே மாதத்தில் காலி! உண்மையில் இன்னும் கூடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. ‘மினிமம் கட்டினால் போதும்’ என்று யார் சொன்னாலும் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அப்படியென்றால் வேண்டாமா? வாங்கலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் பாயிண்டுக்காக இல்லை. நாளைக்கு வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ கேட்டுப் போகும்போது, ஒழுங்காகக் கட்டிய கார்டு கணக்கு சிபில் ஸ்கோருக்கு, அதாவது கடன் கொடுப்பவர்கள் பார்க்கும் மதிப்பெண்ணுக்கு, பலம். லிமிட் எவ்வளவு கொடுத்தாலும், செலவு அந்த 8,000-ஐத் தாண்ட வேண்டாம். ஏடிஎம்மில் அந்தக் கார்டைச் செருகவே செருகாதீர்கள். பணம் எடுத்த அன்றே வட்டி ஆரம்பித்துவிடும்.

உங்கள் சம்பளத் தேதிக்கு வழி இருக்கிறது. பில் போடும் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கிறது. பில் போட்டு பொதுவாக 18, 20 நாளில் கெடு வரும். மாத ஆரம்பத்தில் பில் வருகிற மாதிரி மாற்றினால் கெடு 20-ஆம் தேதிக்கு மேல் போய்விடும். அப்புறம் வங்கிக் கணக்கிலிருந்து பில் தானாகக் கட்டப்பட ஆட்டோ டெபிட் போடும்போது ‘மொத்தத் தொகை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு பக்க முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தோடு அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை. கட்டணமில்லை என்பது ஆயுளுக்குமா, முதல் வருஷத்துக்கு மட்டுமா என்பது அதில் இருக்கும். ‘கார்டு பாதுகாப்புத் திட்டம்’, இன்ஷூரன்ஸ் என்று எதற்காவது டிக் போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

பிடிக்கவில்லையா, பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். எழுதிக் கொடுப்பதற்கு முன் சேர்ந்த பாயிண்டை எடுத்துவிடுங்கள்.