பனிமூட்டத்தில் எண்ணூர்: ஒளிப்படக் கேள்வி பதில்

கே: தை மாத அதிகாலையில் எண்ணூர் முகத்துவாரத்தில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். கழியில் ஒரு பைபர் படகு, அதில் நின்று ஒருவர் வீச்சு வலை வீசுகிறார், பின்னால் பனிக்குள் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். நேரில் கண்ட அழகு படத்தில் இல்லை, எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. மேல் பாதி வெறுமையாகத் தோன்றியதால் அதை வெட்டியும் பார்த்தேன். நான் செய்தது சரியா? (வாசகி, தண்டையார்பேட்டை)

ப: சாம்பல் நிறத்துக்குக் காரணம் கேமராவின் ஒளிமானி. எந்தக் காட்சியைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பலாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அளக்கிறது. சட்டகத்தின் பெரும்பகுதியைப் பனி நிறைத்திருக்கும்போது, அந்த வெண்மையையும் சாம்பலுக்கு இழுத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை, அதாவது ஒளிமானி சொல்வதைவிடப் படத்தை வெளிச்சமாக்கும் அமைப்பை, 2/3 முதல் 1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) வரை கூட்டி வையுங்கள். இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு வலப்பக்கம் நகர வேண்டும், ஆனால் வலது சுவரில் முட்டி நிற்கக் கூடாது.

வெட்டியது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முழுப் படத்தையும் வெட்டிய படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முழுப் படத்தில் முதல் புகைபோக்கி தெளிவாகவும், இரண்டாவது மங்கலாகவும், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும்படியும் நிற்கின்றன. மூன்றின் உச்சிகளும் பனிக்குள் கரைந்துபோகின்றன. அந்தக் கரைதல்தான் உங்கள் படம். வெட்டிய படத்திலோ சட்டகத்தின் மேல் விளிம்பு அவற்றைக் கத்தரித்தாற்போல் நறுக்கிவிட்டதால், உச்சிகளை மறைத்தது பனி என்பது போய் உங்கள் கத்தரி என்றாகிவிட்டது. நீங்கள் வெறுமை என்று நினைத்த மேல் பாதி, தூரத்தையும் ஈரத்தையும் சொல்லும் பகுதி.

வெட்ட வேண்டிய இடம் கீழே இருக்கிறது. பனிப்படத்தில் பார்வை முதலில் போவது மிகக் கருமையான இடத்துக்கு. உங்கள் படத்தில் அது வலைஞர் அல்லர். கீழ் விளிம்பில் பிளாஸ்டிக் போத்தல் செருகிக் கிடக்கும் கருஞ்சேற்றுத் திட்டு. அடுத்த கருமை வலது ஓரத்தில் பாதியாகத் தெரியும் மின்கம்பம். இவ்விரண்டும் போய்விட்டால், படகும் வலைஞரும் மட்டுமே கருமையாக எஞ்சுவார்கள். அவர் வலப்பக்கம் பார்த்து வீசுவதால், விரியும் வலைக்கு முன்னால் போதிய இடமும் மிஞ்சும். உங்கள் கோப்பு 6000×4000 பிக்சல். கீழே 500, வலத்தே 750 எடுத்துவிட்டால் 5250×3500 ஆகும். விகிதம் மாறாது, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் 17 அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சிடலாம்.

போத்தலை மென்பொருளில் அழித்துவிடலாமே என்று தோன்றலாம். தேவையில்லை, கீழே வெட்டினாலே அது போய்விடும். எண்ணூர்க் கழியின் இன்றைய நிலையைச் சொல்வதே நோக்கமானால், அந்தப் போத்தலைத்தான் நடுநாயகமாக வைத்து வேறொரு படம் எடுக்க வேண்டும்; அது தனிப் படம், இந்தப் படத்தின் ஓரத்தில் ஒண்டிக்கிடக்க வேண்டியதில்லை.

கே: ஒரே இடத்தில் நின்று எடுத்தாலும் ஒரு நாள் பனி ஒளிர்கிறது, இன்னொரு நாள் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் தட்டையாக இருக்கிறது. ஏன்? (வாசகர், திருவொற்றியூர்)

ப: வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவுகூர்ந்து பாருங்கள். பனியின் நீர்த்துளிகள் தம்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை, அது வந்த போக்கிலேயே முன்னோக்கிச் சிதறவிடுகின்றன. எனவே சூரியனை எதிர்நோக்கி நின்றால் பனி ஒளிர்கிறது, படகும் பனைமரமும் நிழலுருவாகின்றன; சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டால் எல்லாம் தட்டையாகிவிடுகிறது. நம் பக்கத்தில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கழிக்கு மேற்கே நின்று கிழக்கு நோக்குவதே நல்லது. மார்கழியிலும் தையின் தொடக்கத்திலும் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை, ஏறத்தாழ 20 பாகைக்கும் மேல் தெற்கே தள்ளி எழும். முந்தின நாளே திசைகாட்டியில் பார்த்து நிற்குமிடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். தரை, மேகமில்லாத, காற்றோட்டம் குறைந்த இரவில் வெப்பத்தை இழந்து குளிர்வதால் உண்டாகும் பனி இது. வெயில் ஏறியதும் கலைந்துவிடும். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றிருந்தால் ஒன்றும் மிஞ்சாது.

சூரிய வட்டத்தைப் படகின் பாய்மரத்துக்கோ பனந்தலைக்கோ பின்னால் மறைத்து எடுங்கள். ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் விடியலின் பொன்னிறத்தைக் கேமரா பிழை என்று கருதித் திருத்திவிடும். பகலொளி அமைப்பே போதும். தானியங்கிக் குவியம் பிடிகிடைக்காமல் அலைபாய்ந்தால், படகின் விளிம்பைப் போன்ற அழுத்தமான கோட்டில் குவித்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

கே: போகியன்று காலை வியாசர்பாடியில் எங்கள் தெருவைப் பனிப்படமாக எடுத்தேன். நண்பர்கள் அது புகைதான் என்கிறார்கள். படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், வியாசர்பாடி)

ப: பெரும்பாலும் முடியும். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியது. எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. புகைத்துகள்களில் பல மிகச் சிறியவை. அவை நீலத்தை அதிகம் சிதறடிப்பதால், கருத்த சுவரின் முன்னே புகை நீலம் பாரித்தும், அதன் ஊடே தெரியும் சூரியன் பழுப்பேறியும் தோன்றும். உங்கள் படத்தில் தெருவிளக்கைச் சுற்றிய பழுப்பு அந்த விளக்கின் நிறமாகவும் இருக்கலாம் என்பதால், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எதிர்வீட்டுக் கதவின் இருட்டுக்கு முன்னே படர்ந்திருக்கும் நீலத்தைப் பாருங்கள். நண்பர்கள் சொல்வது சரி. டயர் எரிகிற தெருவில் நின்று அதிக நேரம் படமெடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

கே: கைப்பேசியில் எடுத்த பனிப்படத்தைத் தெளிவாக்கினால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் வருகின்றன. (வாசகி, மாதவரம்)

ப: ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உண்டு. பனிப்படம் அவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது. 'மூட்டம் நீக்கு' என்ற பொத்தானை இழுக்கும்போது, அந்தச் சில படிகளை முழு நீளத்துக்கும் பரப்புவதால் இடைவெளிகள் பட்டைகளாகத் தெரிகின்றன. கைப்பேசியில் ரா வசதி (கேமரா பதிந்ததை ஜேபெக்காகச் சுருக்காமல் சேமிப்பது) இருந்தால் அதில் எடுங்கள். 12 பிட் கோப்பில் 4096 படிகள் கிடைக்கும். அப்படியும் பொத்தானைக் கொஞ்சமாக நகர்த்துங்கள், பனியை நீக்குவதற்காகவா விடியற்காலையில் எழுந்து புழல் ஏரிக் கரைக்குப் போனீர்கள்? டிஜிட்டல் ஜூமும் ஒருவகை வெட்டுதான் என்பதால், முழு அகலத்தில் எடுத்து வீட்டில் நிதானமாக வெட்டிக்கொள்வது மேல்.