வேலையும் பிள்ளைகளும் இருக்கும்போது ஒன்லைனில் கலைப்பட்டம் படிப்பது பெறுமதியா?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளைகள். திறந்த பல்கலைக்கழகத்தில் ஒன்லைனில் கலைப்பட்டம் படிக்க ஆசை. "அதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நேரத்துக்கும் காசுக்கும் பெறுமதி உண்டா?

பதில்:

படியுங்கள். வீட்டில் கேட்கிறவர்களைச் சம்மதிக்க வைத்த பிறகுதான் தொடங்குவேன் என்று இருந்தால் ஒருநாளும் தொடங்கமாட்டீர்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஊரில் ஆசைப்பட்ட படிப்பை கல்யாணம், விசா, பிள்ளைகள் என்று இடையில் விட்டவர் போலத் தெரிகிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், என் கதை அதுதான். உயர்தரம் கலைப்பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோது 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தோம். வீட்டோடு புத்தகங்களும் சான்றிதழ்களும் போய்விட்டன. இப்போது லண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை செய்கிறேன். நீங்கள் கேட்கும் அதே பி.ஏ. ஆர்ட்ஸ் அன்ட் ஹியூமானிட்டீஸ் படிப்பில் இரண்டாம் நிலைக்கு வந்திருக்கிறேன். வரலாறும் கலை வரலாறும் என் பாடங்கள்.

உயர்தரப் பெறுபேறு இல்லையே என்று யோசிக்கவேண்டாம். 1969இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகம் முதலிலிருந்தே நுழைவுத் தகுதி கேட்பதில்லை. படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள், பட்டத்துக்கு 360 கிரெடிட். நிலைக்கு 120 வீதம் மூன்று நிலைகள். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு 60 எடுத்து ஆறு ஆண்டுகளில் முடிக்கிறார்கள். அதற்கு வாரத்துக்கு 16 முதல் 18 மணி நேரம் வேண்டும் என்பார்கள். அது உண்மை. பிள்ளைகள் நித்திரையான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி இறங்காதீர்கள். எந்தக் கிழமை எந்த நேரம் உங்களுடையது என்பதை இப்போதே வீட்டில் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஒன்லைன் பட்டம் காசு கொடுத்து வாங்குவது" என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் ஒரேயொரு ஒப்படையை, அதாவது பாடத்துக்கு எழுதிக் கொடுக்கும் அசைன்மென்டை, எழுதிப் பார்த்துவிட்டு வரட்டும். ஒவ்வொரு ஒப்படைக்கும் முடிவுத் திகதி உண்டு. அன்று நண்பகலோடு கதவு மூடிவிடும். பார்த்தெழுதியதைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறது. நாற்பது புள்ளிக்குக் குறைந்தால் சித்தி இல்லை. எண்பத்தைந்துக்கு மேல் எடுத்தால்தான் முதல் தரம். திருத்துகிறவர் உங்கள் டியூட்டர், இயந்திரம் இல்லை. அவர் பத்தி பத்தியாகக் குறிப்பெழுதி அனுப்புவார். ஊரில் என் கட்டுரையை ஒருவரும் அப்படி வாசித்ததில்லை.

கலைப்பாடம் என்ன சொல்லித் தருகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது என் பெனின் ஒப்படையைத்தான். இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்தை 1897 பெப்ரவரியில் பிரித்தானியப் படை கைப்பற்றியது. ஓபா என்று அழைக்கப்படும் அவர்களது அரசரைக் கலபாருக்கு நாடுகடத்தியது. அரண்மனையில் இருந்த பித்தளைத் தகடுகள், சிலைகள், செதுக்கிய யானைத் தந்தங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கில் ஐரோப்பாவுக்கு வந்தன. பெனின் பொருள்களில் 900க்கும் மேற்பட்டவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்திடம் இருக்கின்றன. 25ஆம் எண் அறையில் அந்தத் தகடுகளை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், அனுமதி இலவசம்.

இதைப் பற்றி ஒன்லைன் வகுப்பில் விவாதம் நடந்தது. ஒருவர் சொன்னார், அங்கேயே விட்டிருந்தால் அவை அழிந்திருக்கும், இங்கே வந்ததால்தான் பிழைத்தன என்று. கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. வீட்டை விட்டு ஓடியவளுக்கு அந்த வாக்கியம் எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பாருங்கள். மைக்கைத் திறந்து, உடைமையை இழந்தவர்களைக் கேட்காமல் இதைச் சொல்லக்கூடாது என்றேன். டியூட்டர் அமைதியாகக் கேட்டார், "சரி, அவர் சொன்னது பிழை என்பதற்கு என்ன சான்று?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒப்படையை எழுதினேன். அந்தத் தகடுகள் பெரும்பாலும் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் வார்க்கப்பட்டவை. படை உள்ளே நுழைந்தபோது அவை அரண்மனைக்குள்தான் இருந்தன. அப்படியென்றால் 200, 300 ஆண்டுகளாக அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தது யார்? இன்னொன்று, அவை லண்டனுக்கு வந்த புதிதில் இங்கிருந்த அறிஞர்கள் ஆபிரிக்கர்கள் தாமாகவே இவ்வளவு நுட்பமாக வார்த்திருக்க முடியாது என்று நினைத்தார்கள். போர்த்துக்கேயரிடமிருந்தோ எகிப்திலிருந்தோ அந்தக் கலை வந்திருக்கவேண்டும் என்று எழுதினார்கள். "நாங்கள்தான் காப்பாற்றினோம்" என்ற பேச்சின் வேர் அங்கே கிடைத்தது. கோபம் எனக்கு முன்பும் இருந்தது. அதைச் சான்றோடு, மறுக்க முடியாதபடி எழுத இந்தப் படிப்புத்தான் பழக்கியது. எண்பத்தைந்துக்கு மேல் நான் எடுத்த முதல் புள்ளி அந்த ஒப்படைக்குத்தான். பெருமையாகச் சொல்கிறேன்.

பிறகு 2022 நவம்பரில் தென்லண்டனில் உள்ள ஹோர்னிமன் மியூசியம் தன்னிடமிருந்த 72 பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு எழுதிக் கொடுத்ததைப் பற்றி வாசித்தேன். பிரிட்டிஷ் மியூசியத்தால் அப்படிச் செய்ய முடியாது என்பார்கள். 1963ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை மாற்ற முடியாதா என்று என் மகள் கேட்டாள். உணவு மேசையில் ஒரு மணி நேரம் கதைத்தோம். கணிதப் பாடத்தில் என்னால் அவளுக்கு உதவ முடிந்ததில்லை, இதில் முடிந்தது.

எங்கள் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பகுதியில் ஒரு சங்கம் ஆண்டுதோறும் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளை மேடையில் கௌரவிக்கிறது. மருத்துவத்துக்குப் போகிறவர்களுக்கு மாலை, பொறியியலுக்குப் போகிறவர்களுக்குக் கேடயம். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை மிக நல்ல பெறுபேற்றோடு வரலாறு படிக்க இடம் பெற்றிருந்தாள். அவள் பெயரை வாசிக்கவே இல்லை. தாய் போய்க் கேட்டதற்கு "நேரம் போதவில்லை" என்றார்கள். நான்கு பேர் பேசிய வாழ்த்துரைக்கு நேரம் இருந்தது. எங்கள் வரலாற்றை உலகம் கேட்கவில்லை என்று அதே மேடையில் முழங்குகிறார்கள். அதை எழுதப் படித்து வருகிற பிள்ளையின் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் திரிக்கவேண்டாம். என் அக்காவின் மகனும் மருத்துவன்தான், அவன் உழைப்பு எனக்குத் தெரியும்.

இனிக் காசு. இங்கிலாந்தில் முழுப் பட்டத்துக்கும் 20,000 பவுணுக்கு மேல் ஆகும். தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பகுதிநேர மாணவருக்கும் கட்டணக் கடன் உண்டு. அதற்கு வயதெல்லை இல்லை, குடும்ப வருமானமும் பார்ப்பதில்லை. பணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகும். உங்கள் சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 வீதத்தைப் பிடிப்பார்கள். தாண்டாவிட்டால் பிடிக்கமாட்டார்கள். ஆனால் வதிவிட நிலை முக்கியம், உங்கள் விசாவுக்குக் கடன் கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள். ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் இரண்டாவது கலைப்பட்டத்துக்குப் பொதுவாகக் கடன் தரமாட்டார்கள்.

வேலை கிடைக்குமா என்றால், பட்டம் கையில் வந்ததும் யாரும் கூப்பிட்டு வேலை தரப்போவதில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு ஒரு பட்டம் வேண்டும். நான் குறிவைத்திருப்பது அதைத்தான். அதற்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.இ. (இங்கே பிள்ளைகள் 16 வயதளவில் எழுதும் பள்ளிப் பரீட்சை) தரமும் கேட்பார்கள், அதையும் கணக்கில் எடுங்கள். இதற்கிடையில் வேலை செய்யும் இடத்தில் சிக்கலான அறிக்கை எழுதவேண்டி வந்தால் மேலாளர் இப்போது என்னைத்தான் தேடுகிறார்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக எழுதப் பயம் என்றால் நேரே 60 கிரெடிட்டில் இறங்கவேண்டாம். முதலில் அதே பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் தளத்தில் இலவசப் பாடம் ஒன்றைச் செய்து பாருங்கள். அது பிடித்தால் அக்சஸ் மொடியூல் என்ற ஆயத்தப் பாடத்தை எடுங்கள். 30 வாரம், தனியாக ஒரு டியூட்டர் இருப்பார். வருமானம் குறைந்தவர்களுக்கு அது இலவசமாகவே கிடைக்கலாம். அதன் கிரெடிட் பட்டத்தில் சேராது, ஆனால் எழுத்துக் கை வந்துவிடும். பெரும்பாலான பாடங்கள் ஒக்டோபரில் தொடங்குகின்றன. கடன் விண்ணப்பத்துக்குப் பல வாரங்கள் ஆகும் என்பதால் கோடையிலேயே அனுப்பிவிடுங்கள். உங்கள் விசா நிலை என்ன, பிள்ளைகளுக்கு எத்தனை வயது என்று கீழே எழுதினால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.