மூடை கூடியதற்குக் காரணம் மழையா, பரசூட் முறையா?

கேள்வி: மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் நெல் செய்கிறேன். கடந்த பெரும்போகத்தில் 1 ஏக்கரில் மட்டும் பரசூட் முறையில், அதாவது தட்டில் வளர்த்த நாற்றை வேர்மண்ணோடு வயலில் வீசினேன். முந்திய பெரும்போகத்தை விட மூடை கூடியது. அண்ணனோ, "அது மழையின் புண்ணியம்" என்கிறார். எதை நம்புவது?

பதில்: அண்ணன் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். முந்திய போகத்தோடு ஒப்பிட்டால் மழை, வெயில், மடைத்தண்ணீர் எல்லாம் சேர்ந்தே கணக்கில் வரும். உங்கள் ஏக்கரில் 12 புசல் கூடியது என்று வையுங்கள். அதே வட்டையில் (வயல்வெளியில்) வழக்கம்போல் விதைத்தவர்களுக்கும் 9 புசல் கூடியிருந்தால், பரசூட் முறைக்குச் சேர்வது 3 புசல்தான்.

மூடைக் கணக்கையும் நம்ப வேண்டாம். அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கும் நெல்லில் ஈரம் வயலுக்கு வயல் மாறும். நான் எப்போதும் சட்டம் வைத்து வெட்டச் சொல்வேன். ஒரு மீற்றர் நீள அகலத்தில் தடிச்சட்டம் செய்யுங்கள். வரம்பிலிருந்து எத்தனை அடி நடந்து சட்டத்தை வைப்பது என்பதை வயலில் இறங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் கண் நல்ல கதிரைத் தேடிப் போய்விடும். பரசூட் வயலில் 5 இடம், விதைத்த வயலில் 5 இடம் வெட்டி, அடித்து, தூற்றி நிறுங்கள். ஈரமானி கமநல சேவை நிலையத்திலோ ஆலையிலோ இருக்கிறதா என்று கேளுங்கள். சராசரி 500 கிராம், ஈரம் 20 வீதம் என்றால், 500ஐ 80ஆல் (100இல் 20 போக) பெருக்கி 86ஆல் (100இல் 14 போக) வகுக்க வேண்டும். 14 வீத ஈரத்தில் அது 465 கிராம். ஏக்கருக்கு ஏறத்தாழ 1,880 கிலோ, அதாவது புசலுக்கு ஏறத்தாழ 21 கிலோப்படி 90 புசல். இரண்டு வயலிலும் ஒரே இனம், ஒரே வயது, ஒரே பசளை இருப்பது முக்கியம்.

ஆனாலும் ஒருவர் வயல் சாட்சியாகாது. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் தாராளம், கடைக்கோடியில் தட்டுப்பாடு. தலைப்பு, நடு, கடை மூன்றிலும் சிலராவது இரண்டு முறையையும் அருகருகே செய்து, ஒரே மாதிரி வெட்டி நிறுத்தால்தான் வட்டைக்கே பொருந்தும் பதில் வரும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் மாவட்ட நெல் விளைச்சலை இப்படித் தெரிந்தெடுத்த வயல்களில் வெட்டி நிறுத்தே மதிப்பிடுகிறது. ஆனால் அந்த மாவட்டச் சராசரி உங்கள் வயலின் முறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

வரும் போகத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், கமக்கார அமைப்புத் தலைவரையும் வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையையும் வைத்துக்கொண்டு இதற்கு ஆள் கேளுங்கள். விவசாயப் போதனாசிரியரையும் அறுவடையன்று வரச் சொல்லுங்கள். அண்ணனையும் ஒரு வயல் போடச் செய்யுங்கள்.