வக்கீல் பதில்கள்: லிங்கனை விட்டால் வேறு ஆள் இல்லையா?

கேள்வி: அமெரிக்க வக்கீல் என்றாலே நீங்கள் லிங்கன் கதைதான் சொல்கிறீர்கள். வக்கீலாக இருந்து சட்டசபைக்குப் போன வேறு ஆள் கிடையாதா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

ஏன் இல்லை? தாடியஸ் ஸ்டீவன்ஸ் இருக்கிறாரே! 1792-ல் வெர்மான்டில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்தது. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மா பாடுபட்டுப் படிக்கவைத்தார். பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ஊரில் வக்கீல் போர்டு மாட்டினார்.

அவர் புகழை அப்புறம் பார்ப்போம். முதலில் 1821 வழக்கு. சேரிட்டி பட்லர் என்ற மேரிலாந்து அடிமைப்பெண், வேலை செய்த வீட்டாரோடு எல்லை தாண்டிப் பென்சில்வேனியா வந்து போனவள். அங்கே ஆறு மாதம் வைத்திருந்தால் அடிமைக்கு விடுதலை என்பது அந்த மாநிலச் சட்டம். வந்துபோன நாட்களைக் கூட்டிப் பாருங்கள் என்றது அவள் தரப்பு. விட்டு விட்டு வந்ததெல்லாம் கணக்கில் சேராது, ஒரே மூச்சாக ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்றது எஜமான் தரப்பு. அந்தத் தரப்புக்கு வக்கீல், நம் ஸ்டீவன்ஸ்தான். ஜெயித்தும் விட்டார். தமிழ்நாடு-கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தோப்புமாக, இருப்பிடச் சான்றிதழுக்கு வில்லேஜ் ஆபீசில் நாள் கணக்கு சொல்லி நிற்கிற உங்கள் ஊர்க்காரர்களுக்கு, இந்த வாதம் எப்படிக் கழுத்தை அறுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டப்படி சரியான வாதம்தான். எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அதே மனிதர் பிற்பாடு, தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய 1835-ல் மாநில செனட் ஓட்டுப் போட்டுவிட்ட பிறகு, கீழ்ச்சபையில் ஒரே பேச்சில் காற்றைத் திருப்பினார். அப்புறம் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்துக்காக முன்னின்று மல்லுக்கட்டினார். 'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' அதில் வந்ததுதான். நம் அரசியல் சட்டம் அதை எடுத்து வைத்திருப்பதும் 14-வது பிரிவில். எண் ஒத்துப்போனது தற்செயல்.

திருத்தம் நிறைவேறி ஒரு மாதத்தில், 1868 ஆகஸ்டில் காலமானார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த கல்லறைகள் வேண்டாமென்று, எல்லாரையும் ஏற்ற ஒரு சின்னக் கல்லறையைத் தேர்ந்தெடுத்திருந்தார். காரணத்தையும் கல்லிலேயே வெட்டவைத்தார்.

கேள்வி: அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள்?
— அதே வாசகர்

கல்யாணமே செய்துகொள்ளவில்லை. லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பினப் பெண்மணி இருபது வருடம்போல வீட்டை நிர்வகித்தார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஸ்டீவன்ஸோ அவரை 'மிஸஸ் ஸ்மித்' என்று மரியாதையாகவே குறிப்பிட்டார், உயிலில் பணமும் எழுதிவைத்தார். அதைக் கொண்டு அந்த அம்மாள் அவர் வீட்டையே வாங்கிவிட்டார்.